பாங்காக்ல காய்கறி சமைக்க என்ன வாங்கலாம், எதுக்கு காசு செலவழிக்க வேண்டாம்: ஒரு நீளமான ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், காய்கறி மட்டும் வச்சு தாய்லாந்து சமையல் பண்ணணும்னா நீங்க முதல்ல கை வைக்க வேண்டியது கறி பேஸ்ட் டப்பாவுல இல்ல, தாவ் ஜியாவ் பாட்டில்ல. சோயாபீன்ஸை உப்பு, மாவு சேத்து புளிக்க வச்ச சாஸ் அது, கெட்டியா வெளிர் பழுப்பு கலர்ல பீன்ஸ் முழுசு முழுசா கிடக்கும். எல்லாரும் பச்சை கறி, சிவப்பு கறின்னு ஓடறாங்க, ஆனா இங்க தெரு ஓரக் கடையில ஒரு தட்டு கீரை வறுத்துத் தர்றாங்களே, அதை சாப்பிட்டுட்டு "வெறும் கீரைக்கு எப்படி இந்த ருசி"ன்னு யோசிச்சிருந்தீங்கன்னா பாதி பதில் இந்த பாட்டில்ல இருக்கு, மீதி பாதி நெருப்புல இருக்கு.

நான் பாங்காக்ல இருக்கேன், வீட்ல மீன் இறைச்சி கிடையாது, அதனால இங்க கிடைக்கற சாமான்கள்ல எது நம்ம வேலைக்கு ஆகும்னு ஒவ்வொண்ணா வாங்கிப் பாத்துதான் எழுதறேன்.

தாவ் ஜியாவ்ல ஹெல்தி பாய்னு ஒரு பிராண்ட், லேபிள்ல குழந்தை படம் இருக்கும், தாய்ல டெக் சோம்பூன்னு கேட்டா யாரும் எடுத்துத் தருவாங்க, எல்லா சூப்பர்மார்க்கெட்லயும் இருக்கு. உப்பு ஜாஸ்தி, அதனால ரெண்டு பேர் சாப்பிடற அளவு கீரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் போதும், அதுக்கு மேல சோயா சாஸ் ஊத்தணும்னா கையை இறுக்கிப் பிடிங்க. பீன்ஸை கரண்டியால லேசா நசுக்கி, பாதி முழுசா பாதி கூழா போடறதுதான் எனக்குப் பிடிச்சது, கடிக்கும்போது அங்கங்க உப்பு வெடிக்கும்.

இதை வச்சு முதல்ல செய்ய வேண்டியது ஃபக் புங் ஃபை டேங். ஃபக் புங்னா தண்டு உள்ள ஓட்டையா இருக்குமே, கங்குங்னு சொல்வோமே, அந்த வள்ளைக் கீரை. இதுல ரெண்டு வகை மார்க்கெட்ல இருக்கு, பாத்து வாங்கணும். ஃபக் புங் ஜீன்னு ஒல்லியா வெளிர் பச்சையா இருக்கறது வறுக்கறதுக்கு, ஃபக் புங் தாய்னு தண்டு தடிமனா செம்மை ஓடி இருக்கறது கறிக்கும், சோம் தம்ங்கற பச்சைப் பப்பாளி சாலட்டோட சேத்து பச்சையா கடிக்கவும். வறுக்கறதுக்கு தடிச்ச வகையை எடுத்தா தண்டு வேகறதுக்குள்ள இலை செத்துடும்.

செய்முறை இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஒரு பெரிய தட்டுல கழுவி வெட்டின கீரையை குவிச்சு வச்சு, அது மேலயே நசுக்கின பூண்டு, நசுக்கின மிளகாய், தாவ் ஜியாவ், காளான் சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை எல்லாத்தையும் போட்டுடுங்க. அப்புறம் இரும்பு வாணலியில எண்ணெய் புகையற வரைக்கும் காய வச்சு, தட்டை அப்படியே ஒரே தள்ளா கவிழ்த்துட்டு, ஒரு கரண்டி தண்ணி தெளிச்சு, வேகமா ரெண்டு மூணு பிரட்டு பிரட்டி இறக்கிடணும். ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். முதல்ல பூண்டை வதக்கி அப்புறம் கீரைங்கற பேச்சே இல்ல, ஏன்னா அந்த சூட்டுல பூண்டு தனியா விழுந்தா கண் மூடி திறக்கறதுக்குள்ள கருகிடும், ஈரக் கீரையோட சேர்ந்து விழுந்தா பொழைச்சுக்கும். கடைக்காரங்க வாணலியில நெருப்பு ஏறும், அந்த சிவப்பு நெருப்புதான் பேர்லயே இருக்கற ஃபை டேங். வீட்டு அடுப்புல அது வராது, வரவும் வேண்டாம், ஆனா வாணலி நல்லா காயணும், கீரை கொஞ்சமா இருக்கணும். நாலு பேருக்குன்னா ரெண்டு தடவையா பண்ணுங்க. வாணலி நிறைய அமுக்கினா சூடு இறங்கி தண்ணி விட்டு கீரை வெந்து போயிடும், வறுபடாது. பிட்சனுலோக் ஊர்ல இதே கீரையை வாணலியில இருந்து வானத்துல வீசி, எதிர்ல ஒருத்தர் தட்டுல பிடிக்கறாங்க, அந்த ஊருக்கே அது அடையாளமாகிப் போச்சு.

மேல சொன்ன காளான் சாஸ், அது சிப்பியில பண்ற ஆய்ஸ்டர் சாஸுக்கு பதிலா. ஷீடாக்கே காளான்ல பண்ணது, தாய்ல ஹெட் ஹோம்னு சொல்லுங்க. கொஞ்சம் இனிப்பு, நல்ல பளபளப்பு குடுக்கும். வாங்கலாம், ஆனா எல்லாத்துலயும் ஊத்தினா எல்லா காயும் ஒரே ருசியா ஆயிடும், அதனால இதுக்கு ரெண்டாவது இடம்தான் குடுப்பேன்.

சோயா சாஸ்ல சீ இவ் காவ்னு தண்ணியா இருக்கறது கட்டாயம் வேணும், மீன் சாஸ் போடற இடத்துல எல்லாம் அதுதான் நமக்கு. இனிப்பா கறுப்பா இருக்கற சீ இவ் டம் வான் காய்க்கு பெருசா தேவைப்படாது, நூடுல்ஸ் பண்றவங்க வாங்கிக்கோங்க. சீ இவ் காவை எப்படி ஊத்தறீங்கங்கறதுல விஷயம் இருக்கு. இங்க கலம் ப்ளீ தோட் நம் ப்ளான்னு ஒரு முட்டைகோஸ் ஐட்டம் எல்லா சாப்பாட்டுக் கடையிலயும் இருக்கும், கோஸை கத்தியால வெட்டாம கையால பெரிய துண்டா பிச்சு, காஞ்ச வாணலியில போட்டு கிளறாம விட்டுடுவாங்க, ஓரம் எல்லாம் அங்கங்க கருப்பு புள்ளி விழுந்ததும் மீன் சாஸை கோஸ் மேல ஊத்தாம வாணலி ஓரமா சுத்தி விடுவாங்க. சூடான இரும்புல பட்டு சுர்ருனு கொதிச்சு, கொஞ்சம் கருகின வாசனையோட கோஸுக்குள்ள இறங்கும். நமக்கு அதே இடத்துல சீ இவ் காவ். மேல ஊத்தின கோஸையும் ஓரமா விட்ட கோஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு சாப்பிட்டுப் பாருங்க, ஒரே சாமான், ரெண்டு வேற சாப்பாடு.

இப்ப கறி பேஸ்ட். இதுலதான் சைவக்காரங்க ஏமாந்து போறது அதிகம். தாய் கறி பேஸ்ட்ல கபின்னு இறாலைப் புளிக்க வச்ச பேஸ்ட் சேர்க்கறது வழக்கம், பச்சை கறி சிவப்பு கறி ரெண்டுலயும். மே ப்ளோய் மாதிரி பெரிய பிராண்ட் டப்பாலயும் லேபிள்ல இறால் பேஸ்ட்னு தெளிவா போட்டிருக்கும், ஆனா படிக்கறவங்க எத்தனை பேர்? கடைக்காரர் "இதுல இறைச்சி இல்ல"ன்னு சொன்னா அவர் பொய் சொல்லல, அவருக்கு கபி ஒரு மசாலா, அவ்வளவுதான். அதனால மஞ்சள்ல சிவப்பு எழுத்து இருக்கற ஜே அடையாளத்தைப் பாருங்க, தாய் எழுத்து தெரியலைன்னா பரவாயில்ல, அது பாக்கறதுக்கு நம்பர் 17 மாதிரியே இருக்கும். அந்த அடையாளம் இருந்தா இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. ஜே சாப்பாடு சீன வழக்கத்துல இருந்து வந்தது, அதுல பூண்டு, வெங்காயம், குய்சாய் கீரை மாதிரி காரமா வாசனை வர்றதும் விலக்கு. அதனாலதான் ஜே கறி பேஸ்ட் வாங்கி அப்படியே பண்ணினா ஏதோ ஒண்ணு குறையுதேன்னு இருக்கும், பேஸ்ட் மட்டமானதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. நீங்க பூண்டு வெங்காயம் சாப்பிடறவங்கன்னா நாலு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு நசுக்கி அதோட சேத்து வதக்குங்க, கறி எழுந்து உக்காரும். சீன காலண்டர்ல ஒன்பதாவது மாசம் முதல் ஒன்பது நாள், செப்டம்பர் கடைசி இல்ல அக்டோபர்ல வரும், அப்ப ஜே திருவிழா, சைனாடவுன்ல யாவ்ராட் தெரு முழுக்க மஞ்சள் கொடி, சூப்பர்மார்க்கெட்ல தனியா ஒரு ரேக்கே ஜே சாமான் அடுக்கி வைப்பாங்க, வருஷத்துல எப்பவும் கண்ல படாத சாஸ் எல்லாம் அப்ப கிடைக்கும், ஸ்டாக் பண்ண அதுதான் நேரம்.

பேஸ்ட்டை வீட்லயே இடிக்கறவங்களுக்கு நான் மனசார சிபாரிசு பண்றது துவா நாவ். இது வட தாய்லாந்து சாமான், சோயாபீன்ஸை வேக வச்சு புளிக்க வச்சு அரைச்சு, அப்பளம் மாதிரி வட்டமா தட்டி வெயில்ல காய வச்சது. சியாங் மாய்ல வரோரோட் மார்க்கெட் போனா அடுக்கி வச்சிருப்பாங்க, மே ஹோங் சோன் பக்கமும் கிடைக்கும். நெருப்புல லேசா வாட்டி பொடிச்சு பேஸ்ட்ல சேத்தா, கபி குடுக்கற அந்த ஆழமான உப்பு வாசனை, இறால் இல்லாமயே வந்துடும். வடக்குல ஷான் ஜனங்க ரொம்ப காலமா சமையல்ல போடறது இது, யாரோ வீகன்காரங்களுக்குன்னு ஃபேக்டரியில கண்டுபிடிச்ச மாத்து இல்ல. வாசனை பையைத் திறந்ததும் கொஞ்சம் தூக்கும், டப்பால மூடி வைங்க. சியாங் மாய் போற யாரையும் நான் சும்மா விடறதில்ல, இதை வாங்கிட்டு வரச் சொல்லிடுவேன்.

இடிக்கறதுக்கு கல் உரல். க்ரோக் ஹின்னு கேளுங்க, சோன்புரி பக்கத்துல ஆங் சிலா ஊர் கருங்கல் உரலுக்கு பேர் போனது. க்ரோக் டின்னு மண் உரல் ஒண்ணும் விப்பாங்க, மர உலக்கையோட, அது சோம் தம் பண்ண, அதுல பேஸ்ட் அரைபடாது. ஒண்ணுதான் வாங்க முடியும்னா கல்லு வாங்குங்க. சின்னதா அழகா இருக்கறதை எடுக்காதீங்க, உள்ள கை முழுசா போற அளவுக்காவது இருக்கணும், இல்லன்னா இடிக்கும்போது எல்லாம் வெளிய தெறிக்கும். இடிக்கற வரிசை: உப்பும் காஞ்ச மசாலாவும் முதல்ல, அப்புறம் நார் உள்ளது எல்லாம், எலுமிச்சைப்புல், இங்க கான்னு சொல்ற அரத்தைக் கிழங்கு, கொத்தமல்லி வேர், மக்ரூட்ங்கற சுருக்கத் தோல் எலுமிச்சையோட தோல், கடைசியில ஈரமான வெங்காயம் பூண்டு. ஈரத்தை முதல்ல போட்டா நார் வழுக்கிட்டு ஓடும், மசியாது. மிக்ஸியில தண்ணி ஊத்தி அரைச்சாலும் கறி வரும், ஆனா அந்தத் தண்ணி வத்தற வரைக்கும் பேஸ்ட் வதங்காது, வேகும். அதுலதான் வாசனை போகுது.

கொத்தமல்லி வேர்னு சொன்னேன் இல்ல, இங்க மார்க்கெட்ல கொத்தமல்லியை வேரோட விப்பாங்க, வெட்டி எறிஞ்சுடாதீங்க. வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூணையும் சேத்து இடிச்சா அதுக்கு சாம் க்ளோன்னு பேர், மூணு கூட்டாளிங்கன்னு சொல்லலாம். ஒரு ஸ்பூன் எண்ணெய்ல இதை வதக்கி காளான் போட்டுப் பாருங்க, வேற எந்த சாஸும் தேவையே இல்ல, கொஞ்சம் உப்பு போதும்.

தேங்காய்ப் பால் விஷயத்துல எனக்கு ஒரே கருத்துதான், முடிஞ்சா மார்க்கெட்ல கண் முன்னாடி துருவிப் பிழிஞ்சு தர்றதை வாங்குங்க. ஹுவா கதின்னா முதல் பால், கெட்டி, ஹாங் கதின்னா ரெண்டாம் பால். கறி பண்ற முறை என்னன்னா ஹுவா கதியை வாணலியில ஊத்தி எண்ணெய் பிரியற வரைக்கும் காய்ச்சணும், டெக் மன்னு சொல்வாங்க, அந்தப் பிரிஞ்ச எண்ணெய்லதான் பேஸ்ட் வதங்கணும். அட்டைப் பெட்டியில வர்ற பால் பலதும் பிரியாம இருக்கறதுக்குன்னே பதப்படுத்தி, நிலைநிறுத்த ஏதாவது சேத்து அடைச்சது, எவ்வளவு காய்ச்சினாலும் வெள்ளையா கொதிச்சுட்டே இருக்கும். பெட்டிப் பால்தான் கிடைக்குதுன்னா பிரியட்டும்னு காத்திருக்காம ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு பேஸ்ட்டை வதக்கிட்டு அப்புறம் பாலை ஊத்துங்க. பிழிஞ்ச பால் இந்த ஊர் வெயிலுக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்காது, வாங்கின அன்னிக்கே சமைச்சுடணும், அதை நினைச்சுக்கிட்டு அளவா வாங்குங்க.

கறிக்குள்ள போற கத்திரிக்காய் ரெண்டு. மக்குவா ப்ரோ குண்டு குண்டா பச்சையும் வெள்ளையுமா இருக்கும், நாலா வெட்டினதும் உப்புத் தண்ணியில போடணும், இல்லன்னா கறுத்துடும். மக்குவா புவாங்னு கொத்து கொத்தா பட்டாணி அளவுல ஒண்ணு, அது வேற ஒண்ணும் இல்ல, பச்சை சுண்டைக்காய்தான். முழுசா போட்டு கொஞ்ச நேரம்தான் கொதிக்க விடணும், கடிச்சா வாயில வெடிச்சு லேசா கசக்கணும், அந்தக் கசப்புதான் தேங்காய்ப் பால் திகட்டாம பாத்துக்குது. இதைக் கசக்குதேன்னு விட்டுட்டு கேரட், பீன்ஸ், ப்ராக்கலின்னு போட்டுப் பண்ற பச்சை கறி எனக்கு ஒத்துக்கல. குழைவு இருக்கும், எதிர்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது.

இலைகள்ல குழப்பம் வேண்டாம். கப்ராவ் நம்ம துளசி இனம், மிளகாய் பூண்டோட வறுவலுக்கு. ஹோரப்பா சோம்பு வாசனை அடிக்கும், தண்டு ஊதா, பச்சை சிவப்பு கறிக்கு. மெங்லக் எலுமிச்சை வாசனை, சூப்புக்கு. ஒண்ணுக்கு பதிலா ஒண்ணு போட்டா சாப்பிட முடியாம போகாது, ஆனா அந்த ஐட்டம் அதுவா இருக்காது. மூணுக்கும் பொதுவா ஒரே விதி, அடுப்பை அணைச்சப்புறம் போட்டு ஒரு பிரட்டு, அவ்வளவே. மக்ரூட் இலை மட்டும் வேற, நடு நரம்பை உரிச்சு எடுத்துட்டு கையால கிழிச்சு முன்னாடியே கறியில போடலாம், மேல தூவறதுக்குன்னா மயிர் மாதிரி மெல்லிசா நறுக்கணும். ஃப்ரீஸர்ல வச்சா மாசக்கணக்குல வாசனை போகாது, மத்த இலை எல்லாம் ஃப்ரீஸர்ல கறுத்து வீணாகும். கட்டு 10, 20 பாத்துக்கு பக்கத்து மார்க்கெட்லயே கிடைக்கறதால அன்னன்னிக்கு வாங்கறதுதான் சரி.

காயை வேக வைக்கற முறையிலயும் சொல்ல வேண்டியது இருக்கு. இங்க நம் ப்ரிக்னு தொட்டுக்கற மிளகாய்ச் சட்னி பக்கத்துல ஒரு தட்டு காய் வரும், பாதி பச்சையா, பாதி கொதிநீர்ல போட்டு எடுத்ததா. பச்சை கலர் அப்படியே மின்னும். பெரிய பாத்திரத்துல நிறைய தண்ணி, மூடி போடாம, கொதி அடங்காத அளவுக்கு கொஞ்சம் கொஞ்சமா காய் போட்டு எடுத்து உடனே குளிர்ந்த தண்ணி. காய்க்குள்ள இருக்கற லேசான அமிலம் சூட்டுல வெளிய வந்து பச்சையத்துல இருக்கற மெக்னீசியத்தைக் கழட்டி விட்டுடும், அதனாலதான் நேரம் ஆக ஆக பச்சை பாசி கலர் ஆகுது. தண்ணி நிறைய இருந்தா அந்த அமிலம் நீர்த்துப் போயிடும், மூடி இல்லன்னா ஆவியோட கொஞ்சம் போயிடும். வெந்த காய் மேல ரெண்டு ஸ்பூன் காய்ச்சின தேங்காய்ப் பால் விட்டுக் குடுக்கறதும் உண்டு, கார நம் ப்ரிக்கோட சாப்பிட சுகமா இருக்கும். நம் ப்ரிக்ல நமக்கு ஒத்து வர்றது வடக்கத்தி நம் ப்ரிக் நும், நீளப் பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் மூணையும் தோல் கருக சுட்டு உரல்ல இடிச்சு உப்பு. கடையில வாங்கினா மீன் ஏதாவது சேத்திருப்பாங்க, வீட்ல பண்றது பத்து நிமிஷ வேலை.

ஆனா எல்லா காயும் மொறுமொறுன்னு இருக்கணும்னு இல்ல, அது தப்பான எண்ணம். கானான்னு தடிச்ச தண்டுக் கீரை, அதுல தண்டுத் தோலை சீவி சாய்வா நறுக்கி முதல்ல, இலை அப்புறம், அது மொறுமொறு. நீளக் கத்திரிக்காயை முழுசா நெருப்புல சுட்டு தோல் உரிச்சு எலுமிச்சை சாறு, சின்ன வெங்காயம், சீ இவ் காவ் சேத்து பண்ற யம் மக்குவா யாவ், அது கூழா குழையணும், அரைகுறையா சுட்டா கசகசன்னு இருக்கும். பூசணியை முட்டையோட பிரட்டற ஃபக் தோங் பட் காய்ல பூசணி கொஞ்சம் தண்ணி தெளிச்சு மூடி போட்டு மெதுவா வேகணும், ஓரம் கரையற பதத்துல முட்டை. குளிர் காலத்துல சதாவ்னு வேப்பம்பூவைக் கொழுந்தோட கட்டா விப்பாங்க, சுடுதண்ணியில முக்கி முக்கி கசப்பை இறக்கி, புளியும் பனஞ்சர்க்கரையும் காய்ச்சின இனிப்பு சாஸோட சாப்பிடணும். இந்த ஊர் வேம்பு கசப்பு கம்மியான வகை, தைரியமா வாங்கலாம்.

பனஞ்சர்க்கரைன்னதும் ஞாபகம் வருது, ரெண்டு வகை. ஃபெட்சபுரியில பனையில இருந்து எடுக்கற நம்தான் தனோட், சமுத் சோங்க்ராம் பக்கம் தென்னையில இருந்து வர்றது. கல்லு மாதிரி இறுகி வெள்ளையா இருந்தா வெள்ளைச் சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு ஜாஸ்தி, விரல் பதியற மாதிரி இருக்கணும், புகை வாசனை லேசா வரணும்.

வேண்டாம்னு சொல்றது ஒண்ணே ஒண்ணு, "எல்லா வறுவலுக்கும்"னு விக்கற ரெடி சாஸ் பாக்கெட். பிராண்ட் பேர் வேண்டாம், வாங்கிப் பாத்தேன், மாவு போட்டு கெட்டியாக்கி சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்காங்க, புகையற வாணலியில விட்டதும் சர்க்கரை அடிப்பிடிச்சு கீரை மேல கோந்து மாதிரி ஒட்டுது. அந்த மாவுக்காகவே தீயைக் குறைக்க வேண்டி வருது, தீயைக் குறைச்சா காய் தண்ணி விடுது, இந்த சமையலோட உயிரையே அது எடுத்துடுது. அந்தக் காசுக்கு தாவ் ஜியாவ் வாங்கிட்டு மீதிக்கு ரெண்டு கட்டு கப்ராவ் வாங்கலாம்.

எங்க வாங்கறதுன்னா, முதல் தடவை பாக்கறவங்களுக்கு ஓர் தோர் கோர் மார்க்கெட், கம்ஃபேங் ஃபெட் மெட்ரோ ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு, விவசாயிகளுக்கான அரசு நிறுவனம் நடத்தறது, சுத்தம், எல்லாம் தனித்தனியா அடுக்கி இருக்கும், எது எதுன்னு கண்ணால கத்துக்க அதை விட நல்ல இடம் இல்ல. விலை மத்த மார்க்கெட்டை விட கூடதான். பழகினப்புறம் க்ளோங் தோய் போங்க, நெரிசல், தரை ஈரம், நல்ல செருப்பு போட்டுக்கோங்க, ஆனா இலையும் காயும் காலையில போனா துடிப்பா இருக்கும். கீரைக்காரம்மாவை "பா"ன்னு, அதாவது பெரியம்மான்னு கூப்பிட்டு எதுக்கு வாங்கறீங்கன்னு சொல்லிட்டா எந்தக் கட்டை எடுக்கணும்னு அவங்களே எடுத்துக் குடுத்துடுவாங்க.

வாணலி இல்ல, இண்டக்‌ஷன் அடுப்புதான், இதெல்லாம் முடியாதுன்னு நினைக்கறவங்க கேங் லியாங்னு ஒரு காய்கறி சூப்ல ஆரம்பிங்க. எண்ணெயும் இல்ல, தேங்காய்ப் பாலும் இல்ல, வெள்ளை மிளகும் சின்ன வெங்காயமும் வாட்டின துவா நாவும் இடிச்சு கொதிக்கற தண்ணியில கரைச்சு, பூசணி முதல்ல, அது பாதி வெந்ததும் பீர்க்கங்காய், பேபி கார்ன், காளான், அப்புறம் தம்லுங்னு இங்க விக்கற கோவைக் கீரை, அணைச்சதும் மெங்லக் ஒரு கைப்பிடி. பிள்ளை பெத்தவங்களுக்கு பால் ஊறணும்னு இங்க குடுக்கறது இந்த சூப்தான். மிளகு காரம் தொண்டையில பிடிக்கற அளவுக்கு இருக்கணும், பயந்து குறைக்காதீங்க.